இரண்டரை வயதுக் குழந்தைக்குப் பாட்டு: வகுப்பா, விளையாட்டா?

நுங்குவண்டி, கோயம்புத்தூர்

எல்லாருக்கும் வணக்கம். மகளுக்கு இரண்டரை வயது. பாட்டு என்றால் உயிர். அவளுக்கு இசையை எப்படி, எப்போது ஆரம்பிப்பது என்று அனுபவப்பட்டவர்களிடம் கேட்கத்தான் இந்த இழை.

பிறந்த நாளுக்கு ஒரு பிளாஸ்டிக் கீபோர்டு வந்தது. ஒரு பட்டனை அழுத்தினால் முழுப் பாட்டும் ஓடும், விளக்கு எரியும். முதலில் குதித்தாள். இப்போது ஒரு பட்டனை அழுத்தி, பாட்டு முடிவதற்குள் அடுத்ததை அழுத்தி, அப்புறம் அப்படியே போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். ஆனால் சமையலறையில் சம்பட மூடியை நான் கரண்டியால் இரண்டு தட்டு தட்டினால் ஓடி வந்து அவளும் இரண்டு தட்டுகிறாள். தட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறாள். நான் மறுபடி தட்டும் வரை நகர மாட்டாள்.

மூன்று வயது முடிந்ததும் பாட்டு வகுப்பில் சேர்த்துவிடு என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். பக்கத்துத் தெருவிலேயே ஒரு ஆசிரியை இருக்கிறார். கணவர், நல்ல ஆப் ஏதாவது போட்டுக் கொடுக்கலாம் என்கிறார். நான் சங்கீதம் படித்ததில்லை, கேட்கத்தான் தெரியும். என்ன செய்யலாம்?

மாடிவீடு, திருச்சி

சேர்த்துவிடுங்கள். எங்கள் அக்கா பையன் மூன்றரையில் சேர்ந்தான், இப்போது கோயில் திருவிழாவில் மேடையேறிப் பாடுகிறான். சின்ன வயதில்தான் மனதில் பதியும்.

சுருதிப்பெட்டி, சென்னை

நான் அதிகமும் குழந்தைகளுக்குத்தான் பாட்டு சொல்லித் தருகிறேன். மூன்று வயதில் உட்கார வைத்து சரளி வரிசை (கர்நாடக சங்கீதத்தின் முதல் ஸ்வரப் பயிற்சி) ஆரம்பிப்பதில் எனக்கு உடன்பாடு கிடையாது.

சரளி வரிசை புரந்தரதாசர் வகுத்தது என்பது மரபு. மாயாமாளவகௌளை ராகத்தில் அமைந்தது. ஸ-ரி, க-ம, ப-த, நி-ஸ என்று நான்கு இடங்களில் ஸ்வரங்கள் ஒட்டினாற்போல நிற்கும். ஆறேழு வயதுப் பிள்ளைக்குக் காதைத் தீட்ட அது அருமையான பாடம். இரண்டரை வயதில் அந்த நெருக்கம் குரலில் வராது. வராததை வரவழைக்க நாம் திருத்திக்கொண்டே இருப்போம், குழந்தை பாடுவதையே நிறுத்திவிடும். அப்படி வாயடைத்துப்போன பிள்ளைகள் ஐந்து வயதில் என்னிடம் வருவதுண்டு. மறுபடி வாய் திறக்க வைக்க மாதக்கணக்காகும்.

உங்கள் மகள் மூடியைத் தட்டிவிட்டு முகத்தைப் பார்க்கிறாளே, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கீபோர்டை மெதுவாக அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் அதே பாட்டு, அதே வேகம். அவள் என்ன செய்தாள் என்பது அதற்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது, நீங்கள் பதில் தட்டுகிறீர்கள். இந்தப் பதில்தான் அவளுக்கு வேண்டியது.

குரலிலும் இதையே செய்யலாம். இந்த வயதில் சுலபமாக வருவது இரண்டே ஸ்வரம்: பஞ்சமத்திலிருந்து (ப) அந்தர காந்தாரத்துக்கு (க) இறங்குவது. ஹங்கேரியில் இசையமைப்பாளர் ஸோல்தான் கோடாய் வழி வந்த ஆசிரியர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு இந்த இறக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். தெருவில் பிள்ளைகள் ஒருவரையொருவர் இழுத்துக் கூப்பிடும்போதும் இது காதில் விழும். "பாப்பா எங்கே" என்று ப-க, ப-க என இறக்கிப் பாடுங்கள். "இங்கே" என்று அவள் அதே இரண்டு ஸ்வரத்தில் பதில் சொல்லட்டும். சொல்லாவிட்டால் நீங்களே அவளுக்காகச் சொல்லிவிடாதீர்கள். நிதானமாக ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் காத்திருங்கள். காத்திருப்பதுதான் பெரியவர்களுக்குக் கஷ்டமான பகுதி.

நுங்குவண்டி, கோயம்புத்தூர்

ரொம்ப நன்றி அக்கா. ஒரு சந்தேகம். என் குரல் கனமான குரல், கணவருக்கு இன்னும் கீழே. நாங்கள் பாடினால் அவளுக்குச் சேருமா?

சுருதிப்பெட்டி, சென்னை

நல்ல கேள்வி. சுருதியின் உயரத்தை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். ஆர்மோனியத்தில் நடு ஸ்தாயி இரண்டு கட்டையிலிருந்து ஆறு கட்டை வரைக்கும் உள்ள இடம்தான் பெரும்பாலான சின்னப் பிள்ளைகளுக்குச் சௌகரியம். பெண்கள் வழக்கமாகப் பாடும் ஐந்து கட்டை ஸட்ஜம் (ஸ) அதற்கும் கீழே கிடக்கும். அதனால் குழந்தையோடு பாடும்போது மட்டும் இரண்டு கட்டையை ஸ-வாக வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம் ஆறு கட்டையில் வந்துவிடும். போனில் சுருதிப்பெட்டி ஆப் இருக்கும், அதில் இரண்டு கட்டை வைத்துக் கேட்டுக்கொண்டால் போதும். மெல்லிய குரலில், தாலாட்டுகிற மாதிரி பாடினால் உங்களுக்கும் எட்டும். அப்பா ஒரு ஸ்தாயி கீழே பாடும்போது பல குழந்தைகளுக்கு அதைத் தன் குரலில் எங்கே வைப்பது என்று பிடிபடாது. அவர் தாளத்தை எடுத்துக்கொள்ளட்டும்.

வெள்ளைப்பலகை, பெங்களூர்

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குழந்தையை இசைக்குப் பழக்கினால் மூளை வளரும், கணக்கு வரும் என்று விளம்பரப்படுத்துகிறார்கள். அதை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். 1993-இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வில் மோட்சார்ட் இசை கேட்டவர்கள் கல்லூரி மாணவர்கள். ஒரு வகைப் புதிரில் சில நிமிடங்களுக்கு மட்டும் கொஞ்சம் நன்றாகச் செய்தார்கள், அவ்வளவுதான். கைக்குழந்தைகள் அதில் இல்லவே இல்லை. ஆனாலும் 1998-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு தர அரசுப் பணம் கேட்டார். 2013-இல் ஹார்வர்டில் நான்கு வயதுப் பிள்ளைகளைப் பெற்றோரோடு சேர்த்து இசை வகுப்புக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அறிவுத்திறன் சோதனைகளில் சொல்லும்படியான நன்மை எதுவும் தெரியவில்லை.

குழந்தைக்குப் பிடித்திருந்தால் பாடட்டும். அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

வலந்தலை, தஞ்சாவூர்

> குழந்தைக்குப் பிடித்திருந்தால் பாடட்டும். அதற்கு மேல் எதுவும் எதிர்பார்க்காதீர்கள்.

கணக்கு மார்க்குக்காக யாரும் பாட வேண்டாம் என்பதை முழுமனதோடு ஒத்துக்கொள்கிறேன் சார். ஆனால் இசை இசைக்காகவே காதில் இறங்குமே, அதற்கு ஆதாரம் இருக்கிறது. நான் மிருதங்கக்காரன், தாளப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2005-இல் ஏழு மாதக் குழந்தைகளை வைத்து ஒன்று செய்தார்கள். எங்கேயும் அழுத்தம் விழாத ஒரே மாதிரியான தட்டு ஓடுகிறது. சில குழந்தைகளை ஒவ்வொரு இரண்டாவது தட்டுக்கும், சிலரை ஒவ்வொரு மூன்றாவது தட்டுக்கும் தூக்கித் தூக்கிக் குலுக்கினார்கள். அப்புறம் இரண்டில் அழுத்தம் விழுவதையும் மூன்றில் அழுத்தம் விழுவதையும் தனித்தனியாகப் போட்டுக் காட்டினார்கள். தன் உடம்பு எப்படிக் குலுங்கியதோ அந்தத் தாளத்தைத்தான் குழந்தைகள் அதிக நேரம் கேட்டன. பிறர் குலுங்குவதை வேடிக்கை மட்டும் பார்த்த குழந்தைகளிடம் இது வரவில்லை. உடம்பு ஆட வேண்டும்.

இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதி நாட்டுப்புற இசையில் ஏழு தட்டுச் சுற்று சாதாரணம். அமெரிக்கக் குழந்தைகளுக்கு அதைப் போட்டு நடுவில் தாளத்தைக் குலைத்தால், ஆறு மாதத்தில் கண்டுபிடிக்கின்றன. பன்னிரண்டு மாதத்தில் தங்கள் ஊர்த் தாளத்தில் பிழை வந்தால் பிடிக்கின்றன, ஏழு தட்டுச் சுற்றில் வந்தால் தவறவிடுகின்றன. அந்த வயதில் கொஞ்ச நாள் கேட்கவைத்தால் திரும்ப வந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அப்படி வருவதில்லை. ஹனன், டிரெஹப் என்ற இருவர் 2005-இல் வெளியிட்டது. நம் வீட்டில் அதே ஏழு தட்டில் மிஸ்ர சாபு தாளம் இருக்கிறது. அதைக் குழந்தையின் காதில் போடாமல் எல்லாவற்றையும் நாலு தட்டாக்கிய ரைம்ஸ் மட்டும் ஓடவிடுகிறோமே என்றுதான் என் ஆதங்கம்.

செய்முறை சொல்கிறேன். அப்பா காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலில் குழந்தையை வைத்துக்கொள்ளுங்கள். தகிட என்று சொல்லி, 'த'வில் மட்டும் முழங்காலை உயர்த்துங்கள். தகிட, தகிட, தகிட. அது பழகினதும் தகதிமிக்கு மாற்றுங்கள். மாறும் இடத்தில் அவள் உடம்பு ஒரு கணம் திகைப்பதை உங்கள் காலே உணரும். அப்புறம் தகிட தகதிமி, அதுதான் ஏழு. மூன்றுக்கு ஒரு தூக்கல், நாலுக்கு இரண்டு தூக்கல். தக-வுக்கு ஒன்று, திமி-க்கு ஒன்று. இதற்கு விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். எண்ணிக் காட்டவும் வேண்டாம்.

வாயால் சொல்வதுதான் முக்கியம். நாங்கள் கையில் வாசிப்பதற்கு முன் வாயில்தான் சொல்லிப் படிக்கிறோம். "தகதிமி தகஜொணு" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். ஏதோ ஒன்று திரும்ப வரும். "தக்காமீ" என்று வந்தால்கூட அது கொன்னக்கோல்தான், வாயால் தாளம் சொல்லும் கலை.

ஊஞ்சல்பலகை, மதுரை

பால்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். ஆராய்ச்சி எல்லாம் எனக்குத் தெரியாது. ஆனால் வலந்தலை தம்பி சொன்ன முழங்கால் ஆட்டம் நம் பாட்டிமார் எல்லாரும் செய்ததுதான். சாய்ந்தாடம்மா என்று இடமும் வலமும் சாய்த்ததும், கை வீசச் சொல்லிக் கையைப் பிடித்து ஆட்டியதும் வேறென்ன?

பிள்ளைத்தமிழில் பாருங்கள். செங்கீரைப் பருவம் என்றால் பிள்ளை முகம் தூக்கி ஆடுவது. சப்பாணி என்றால் கை கொட்டுவது. ஆண்பிள்ளைக்குச் சிறுபறை முழக்குவது என்று ஒரு பருவமே உண்டு. பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டியிருக்கிறார், செங்கீரை ஆடச் சொல்லியிருக்கிறார், சப்பாணி கொட்டச் சொல்லியிருக்கிறார். குழந்தை வளர்வதைக் கைதட்டாலும் பறைத் தட்டாலும் அளந்த ஊர் இது.

நண்டூறுது நரியூறுது விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்கையில் விரலால் கடைந்து, விரல் ஒவ்வொன்றாக மடக்கி, அப்புறம் கை வழியே ஊர்ந்து போய் அக்குளில் கிச்சுகிச்சு மூட்டுவோம். ஊர்ந்து போகும்போது முழங்கைக்குக் கொஞ்சம் மேலே நிறுத்திப் பாருங்கள். பாட்டையும் நிறுத்துங்கள், விரலையும் நிறுத்துங்கள். குழந்தை முதலில் உங்கள் விரலைப் பார்க்கும். அப்புறம் வாயைப் பார்க்கும். தோளைக் குறுக்கிக்கொண்டு மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும். சில குழந்தைகள் தாங்களே "ஊறுது" என்று எடுத்துக் கொடுத்துவிடும். பாட்டில் அடுத்து என்ன வரப்போகிறது என்று அதற்குத் தெரிகிறது, அதனால்தான் அந்தச் சிரிப்பு. பேச்சு வராத பிள்ளைகள்கூட இந்த இடத்தில் சத்தம் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

சாமான் என்று பார்த்தால் தாம்பாளம், சொம்பு, மரக்கரண்டி, பனை ஓலைக் கிலுகிலுப்பை போதும். டப்பாவில் பயறு போட்டுக் குலுக்கக் கொடுப்பதானால் மூடியைச் சுற்றி டேப்பை இறுக்கி ஒட்டிவிடுங்கள். பயறு மூக்குக்குள்ளோ தொண்டைக்குள்ளோ போய்விட்டால் பெரிய ஆபத்து. பட்டன் பொம்மைகளில் சத்தம் கூடுதலாக இருக்கும், காதருகில் வைத்துக் கேட்க விடாதீர்கள்.

நுங்குவண்டி, கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் அவள் தூங்கி எழுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.

பனைமட்டை, டொரொண்டோ

நான் யாழ்ப்பாணத்துப் பக்கம், இப்ப கனடாவில் இருக்கிறேன். வெள்ளைப்பலகை அண்ணைக்கு ஒரு தகவல். அதே மெக்மாஸ்டரில் 2012-இல் இன்னொரு ஆய்வு வந்தது. ஆறு மாதப் பிள்ளைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஆறு மாதம் வகுப்பு நடத்தினவை. ஒரு கூட்டத்தில் தாய் தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து பாடி, தட்டி விளையாடினவை. மற்றதில் பின்னணியில் இசை ஓட, பிள்ளைகள் விளையாட்டுச் சாமானோடு இருந்தவை. சேர்ந்து பாடின பிள்ளைகள் கை காட்டுகிறது, 'போயிட்டு வாறன்' என்று கை அசைக்கிறது போன்றவற்றில் முன்னுக்கு நின்றவை. கூடச் சிரித்தவை, தேற்றுவதும் சுலபமாக இருந்தது. நீங்கள் சொன்ன அறிவுத்திறன் வேறு, இது வேறு. இசை வெறுமனே காற்றில் ஓடுவதற்கும் பிள்ளையோடு சேர்ந்து நடப்பதற்கும் இடையில் வித்தியாசம் இருக்கிறது என்பதுதான் இதில் தெரிகிறது.

நாங்கள் மகனைக் கூட்டிப் போகும் வகுப்பில் ஓர்ஃப் முறை. கார்ல் ஓர்ஃப் ஜெர்மன்காரர். கூனில்ட் கேட்மன் என்ற பெண்மணியோடு சேர்ந்து மியூனிக்கில் வளர்த்தெடுத்த முறை இது, 1948-இல் பவேரிய வானொலியில் பிள்ளைகளுக்கான நிகழ்ச்சியாகவும் வந்தது. அதில் சைலோஃபோனின் மரக்கட்டைகளைத் தனித்தனியாகக் கழற்றலாம். நாலாவதையும் ஏழாவதையும் கழற்றிவிட்டுக் கொடுப்பினம். மிச்ச ஐந்தில் பிள்ளை எதை அடித்தாலும் ஒன்றோடொன்று முட்டாது. கேட்கக் கேட்க எனக்கு மோகன ராகம் மாதிரி இருந்தது. சரியோ?

சுருதிப்பெட்டி, சென்னை

மோகனம் மாதிரி என்ன, மோகனத்தின் ஸ்வரங்களேதான்! ம-வையும் நி-யையும் எடுத்தால் மிஞ்சுவது ஸ ரி க ப த. அதோடு முடியவில்லை. ஒரு கட்டையைக்கூட மாற்றாமல் ரி-யை ஸ-வாக வைத்து வாசித்தால் மத்யமாவதி. க-வை வைத்தால் ஹிந்தோளம். ப-வில் சுத்த சாவேரி, த-வில் சுத்த தன்யாசி. நாங்கள் கிரக பேதம் என்று பெரிய மாணவர்களுக்கு நடத்துவது. சுருதியை ஓடவிட்டுக்கொண்டு, உங்கள் மகன் அடிக்கும்போது நீங்கள் த-வைத் திரும்பத் திரும்ப மெல்லத் தட்டிக்கொண்டிருங்கள். சுருதியையும் த-வுக்கு மாற்றிவிடுங்கள். அதே அடி, வேறு நிறத்தில் கேட்கும்.

வலந்தலை, தஞ்சாவூர்

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. மரக்கட்டை ஒரே இடத்தில் நிற்கும் ஸ்வரம். நம் சங்கீதத்தின் உயிர் கமகம், ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது. சின்ன வயதிலேயே காது கட்டைச் சத்தத்துக்குப் பழகினால் பிற்பாடு தோடி ராகம் எப்படி வரும்?

சுருதிப்பெட்டி, சென்னை

தயக்கம் நியாயமானது. அதனால்தான் குரலை முதலில் வைத்தேன். சைலோஃபோன் கைக்கு விளையாட்டு, அதைச் சங்கீதப் பாடமாக்க வேண்டாம். குரலுக்கு வழுக்குகிற விளையாட்டு கொடுங்கள். கையைத் தரையிலிருந்து தலைக்கு மேலே மெதுவாகக் கொண்டுபோங்கள், குழந்தை "ஊ" என்று குரலை அதோடு ஏற்றிக்கொண்டு வரட்டும். நடுவில் கையை அசைத்தால் குரலும் அசையும். ஆம்புலன்ஸ் சத்தம், குக்கர் விசில், குயில் எல்லாம் இதில் வரும். அப்புறம் கையை அவளிடம் கொடுத்துவிடுங்கள், அவள் ஆட்டுவதற்கு நீங்கள் பாடுங்கள். நீங்கள் மூச்சு முட்டப் பாடுவதைப் பார்த்து அவள் விட மாட்டாள். கமகத்துக்குத் தேவையான தொண்டை இப்படித்தான் தயாராகிறது என்பது என் அனுபவம்.

நாலு, ஐந்து வயதில் நோட்டுஸ்வரம் சொல்லித் தரலாம். முத்துஸ்வாமி தீக்ஷிதர் மேற்கத்திய மெட்டுகளுக்கு எழுதியவை, சுமார் 40 இருக்கின்றன. சங்கராபரண ஸ்வரங்கள், கமகம் கிடையாது, குதித்துக் குதித்துப் போகும். கட்டைச் சத்தத்தைப் பார்த்து நம் பெரியவர்களே பயப்படவில்லை.

வெள்ளைப்பலகை, பெங்களூர்

பனைமட்டை சொன்ன 2012 ஆய்வை ஏற்கிறேன். 2014-இல் அதே குழுவினர் 14 மாதக் குழந்தைகளை ஒருவரோடு தாளம் ஒத்துக் குலுக்கியபோது, அப்புறம் அவர் கீழே போட்ட பொருளை எடுத்துக் கொடுக்கக் குழந்தைகள் அதிகம் முன்வந்தன என்று எழுதினார்கள். தாளம் பொருந்தாமல் குலுக்கினால் அவ்வளவு இல்லை. சேர்ந்து ஆடுவதில் ஏதோ இருக்கத்தான் செய்கிறது.

நோட்டுஸ்வரத்தில் மட்டும் எனக்கு ஒப்புதல் இல்லை. சமஸ்கிருத வரிகள் நாலு வயதுக்கு என்ன புரியும்? தமிழில் அவர்களே அர்த்தம் தெரிந்து பாட வேண்டும்.

ஊஞ்சல்பலகை, மதுரை

அர்த்தம் தெரிந்தா தம்பி "நண்டூறுது"க்குச் சிரிக்கிறார்கள்? வாய்க்குப் பிடித்தால் பாடுவார்கள். ஆனால் தமிழில் நாமே கட்டிப் பாட வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். பல் தேய்க்க, குளிக்க, செருப்பு மாட்ட என்று அன்றாட வேலைக்கெல்லாம் இரண்டு வரி கட்டுங்கள். இன்றைக்குக் கட்டியது நாளைக்கு மாறினாலும் பரவாயில்லை. ஒரு வார்த்தையை வேண்டுமென்றே விட்டுவிட்டு அவர்களை நிரப்பச் சொல்லுங்கள்.

மாடிவீடு, திருச்சி

ஆப் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வெள்ளைப்பலகை, பெங்களூர்

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது: இரண்டிலிருந்து நான்கு வயதுவரை உட்கார்ந்து திரை பார்ப்பது ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குத் திரையே வேண்டாம். சுருதி ஆப் திரையைக் கவிழ்த்து வைத்தாலும் ஓடும், அது போதும்.

நுங்குவண்டி, கோயம்புத்தூர்

எல்லாருக்கும் நன்றி சொல்லத்தான் வந்தேன், கூடவே ஒரு கேள்வி. முழங்கால் தகிட கணவரின் வேலையாகிவிட்டது. அவர் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் "தக்கிட்டா" என்று காலைப் பிடித்துக்கொள்கிறாள். "எங்கே" என்று நான் பாடினால் "இங்கே" என்கிறாள், இறக்கமும் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் வைக்கும் சுருதியில் இல்லை, எப்போதும் அதைவிட மேலே எங்கேயோ எடுக்கிறாள். சில நாள் ஒரு மாதிரி, சில நாள் வேறு மாதிரி. திருத்தலாமா?

சுருதிப்பெட்டி, சென்னை

திருத்த வேண்டாம். நீங்கள் அவள் சுருதிக்குப் போங்கள். அவள் "இங்கே" என்று எடுத்த இடத்திலேயே அடுத்த "எங்கே"யை நீங்கள் பாடுங்கள். தன் குரலே அம்மாவின் வாயிலிருந்து திரும்பி வருகிறது என்று தெரிந்ததும் சில பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து பார்ப்பார்கள். கொஞ்ச நாள் அப்படியே போகட்டும். பிறகு ஒரு தடவை அவள் தொடங்க, நீங்கள் தொடர, மறு தடவை நீங்கள் தொடங்கிப் பாருங்கள். அவளாகவே உங்கள் இடத்துக்கு வர ஆரம்பித்தால் காது பொருந்திவிட்டது என்று அர்த்தம். மூன்று வயதில் வரலாம், ஐந்திலும் வரலாம்.

பக்கத்துத் தெரு ஆசிரியையிடம் இப்போதே சேர்க்க வேண்டாம். பெரிய பிள்ளைகள் பாடும் நேரத்தில் வாரத்துக்கு ஒரு நாள் இவளை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்து கேட்கலாமா என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். பாதியில் எழுந்து ஓடினால் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.